எந்தத் தாதுவுக்கு எந்த ஒடுக்கி: கரியா, ஹைட்ரஜனா, இன்னொரு உலோகமா, மின்சாரமா?

சேலம் மாவட்டத்தில் மேச்சேரிப் பக்கம் பொட்டனேரியில் ஓர் இரும்பாலை இருக்கிறது. ஊது உலையில் இரும்புத் தாதுவையும் கோக் கரியையும் (காற்றில்லாமல் சுட்டெடுத்த நிலக்கரி) அடுக்கடுக்காகக் கொட்டி, கீழே உருகிய இரும்பை வடித்து எடுக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மேட்டூர். அங்கே பல ஆண்டுகள் அலுமினிய ஆலை ஓடியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்தான் அதற்குத் தாது. இரும்புத் தாதுவும் ஆக்சைடு, பாக்சைட்டும் ஆக்சைடு. உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆக்சிஜனைக் கழற்றுவதுதான் இரண்டு ஆலைகளுக்கும் வேலை. இதைத்தான் ஒடுக்கம் என்கிறோம், கழற்றிக்கொடுப்பது ஒடுக்கி. ஆனால் ஒன்றுக்குக் கரி போதுமாக இருந்தது. இன்னொன்றுக்கு ஒரு நகரத்துக்கே போதுமான கரண்ட் தேவைப்பட்டது. கரியை விடக் கரண்டு விலை கூடியது என்று தெரியாமல் அலுமினிய ஆலையை யாரும் கட்டவில்லை. வேறு வழி கிடையாது என்பதால் கட்டினார்கள்.

வேறு வழி கிடையாது என்பது எப்படித் தெரிந்தது? பிளஸ் டூ வேதியியலில் எலிங்கம் வரைபடம் படித்தவர்களுக்குப் பதில் பாதி தெரியும். பெரும்பாலும் அந்த வரைபடத்தை இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் ஒரு முடிவை எடுக்க உதவும் கருவியாக அதைவிட நேர்த்தியான படம் வேதியியலில் அதிகம் இல்லை. இங்கே அதை அந்த வேலைக்கே பயன்படுத்திப் பார்க்கலாம். ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிக்க நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: கரி, ஹைட்ரஜன், இன்னும் வீரியமான ஓர் உலோகம், மின்சாரம். எதை எப்போது எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வினை தானாக நடக்குமா என்ற கணக்கு, முடியாத வழிகளை அடித்துக் கழித்துவிடும். மிச்சமிருக்கும் வழிகளில் எது நல்லது என்பதை அது சொல்லாது. அதை உலையின் சூடும், விளைபொருள் வாயுவா கசடா என்பதும், கரண்டு எங்கிருந்து வருகிறது என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது

ஒரு வினை தன்னிச்சையாக நடக்குமா என்பதற்கு கிப்ஸ் தந்த அளவுகோல் கட்டிலா ஆற்றல் மாற்றம், அதாவது டெல்டா ஜி. டெல்டா எச்சிலிருந்து, வெப்பநிலையையும் டெல்டா எஸ்ஸையும் பெருக்கிக் கழித்தால் டெல்டா ஜி கிடைக்கும். டெல்டா எச் என்பது வினையில் உள்ளே போகும் அல்லது வெளியே வரும் வெப்பம். டெல்டா எஸ் என்பது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, எவ்வளவு மாறுகிறது என்பது. டெல்டா ஜி மைனஸாக இருந்தால் வினை முன்னோக்கிப் போகும், பிளஸாக இருந்தால் போகாது. இதில் வெப்பநிலை பெருக்கலாக வருவதுதான் விஷயமே. அறை வெப்பநிலையில் முடியாதது உலைச் சூட்டில் முடியலாம், அதற்கு எதிர்மாறாகவும் நடக்கலாம்.

இப்போது உலோகம் ஆக்சிஜனோடு சேரும் வினையைப் பாருங்கள். ஒரு மோல் ஆக்சிஜன் வாயு மறைந்து திண்ம ஆக்சைடாகிறது. வாயு போனால் என்ட்ரோபி குறையும், கெல்வினுக்குச் சுமார் 200 ஜூல். எந்த உலோகமாக இருந்தாலும் ஏறக்குறைய இதே அளவுதான். அதனால் வெப்பநிலை ஏற ஏற எல்லா ஆக்சைடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன. எலிங்கம் வரைபடத்தில் வெப்பநிலை கிடையாகவும், ஒரு மோல் ஆக்சிஜனோடு சேரும் வினையின் டெல்டா ஜி செங்குத்தாகவும் இருக்கும். அதில் அவற்றின் கோடுகள் கிட்டத்தட்ட இணையாக மேலே ஏறுகின்றன. வெள்ளி ஆக்சைடின் கோடு 200 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பூச்சியத்தைத் தொட்டுவிடும். அதற்கு ஒடுக்கியே வேண்டாம், சூடாக்கினால் வெள்ளி தனியாக வந்துவிடும்.

கரி மட்டும் வேறு மாதிரி. இரண்டு மோல் கரி ஒரு மோல் ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு மோல் கார்பன் மோனாக்சைடு தருகிறது. ஒரு மோல் வாயு போய் இரண்டு மோல் வாயு வருகிறது, என்ட்ரோபி கெல்வினுக்கு 179 ஜூல் கூடுகிறது. அதனால் கரியின் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அறை வெப்பநிலையில் டெல்டா ஜி மைனஸ் 274 கிலோஜூல், 1000 கெல்வினில் சுமார் மைனஸ் 400, 2000 கெல்வினில் மைனஸ் 575 பக்கம். எல்லாக் கோடுகளும் ஏற, இது ஒன்று இறங்குவதால் ஏதோ ஒரு வெப்பநிலையில் மற்றக் கோடுகளை வெட்டியே தீரும். வெட்டும் இடத்துக்கு மேலே கரி அந்த உலோகத்தின் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த எலிங்கம் இதை 1944-ல் படமாக வரைந்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொல்லர்கள் செய்துவந்ததற்கு அப்போதுதான் ஒரே தாளில் விளக்கம் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். தன்னிச்சை என்றால் வேகம் என்று பொருள் இல்லை. சிவப்பு இரும்பு ஆக்சைடை கார்பன் மோனாக்சைடு ஒடுக்கும் வினைக்கு அறை வெப்பநிலையிலேயே டெல்டா ஜி மைனஸ் 29 கிலோஜூல் வருகிறது. ஆனாலும் தாதுக் குவியலின் மேல் அந்த வாயுவைச் செலுத்தினால் அறைச் சூட்டில் ஒன்றும் ஆகாது. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவைக்கு மைனஸ் 840. அதையும் பையில் கட்டித் தோளில் தூக்கிப் போகலாம். போக வேண்டிய திசையை டெல்டா ஜி சொல்கிறது. புறப்பட வைப்பதற்குச் சூடோ தீப்பொறியோ வினையூக்கியோ வேண்டும்.

கரி: மலிவு, பலம், ஒரு சில இடங்களில் முட்டுக்கட்டை

இரும்புக்குக் கரி ஏன் இத்தனை பொருத்தம்? இரும்பின் கோடு அறை வெப்பநிலையில் மைனஸ் 490 பக்கம் ஆரம்பித்து மேலேறி, ஏறத்தாழ 720 டிகிரி செல்சியஸில் கரியின் கோட்டைச் சந்திக்கிறது. துருத்தி ஊதிய மண் உலையில் அந்தச் சூடு எளிதாகக் கிடைக்கும். இரும்புக் காலம் உலகின் பல மூலைகளில் வந்ததற்கு இந்த வேதியியல் வசதி ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அலுமினியம் பூமியின் மேலோட்டில் இரும்பை விட அதிகமாக இருந்தும் 19-ஆம் நூற்றாண்டு வரை யார் கையிலும் உலோகமாகச் சிக்கவில்லை.

ஊது உலையில் கோக் மூன்று வேலை பார்க்கிறது. எரிந்து சூடு தருகிறது. கார்பன் மோனாக்சைடாக மாறித் தாதுவை ஒடுக்குகிறது. கெட்டியாக நின்று மேலே உள்ள பாரத்தைத் தாங்கி, வாயு ஏறிப் போக இடைவெளியும் விடுகிறது. உலையின் மேல்பகுதியில் பெரும்பாலான ஒடுக்கத்தைச் செய்வது கரி நேரடியாக இல்லை, அந்த வாயுதான். திண்மத் தாதுவும் திண்மக் கரியும் தொட்டுக்கொள்ளும் இடம் கொஞ்சம். வாயுவோ தாதுக்கட்டியின் துளைகளுக்குள்ளும் புகுந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் இதில் ஒரு சுவையான குழப்பம் நடந்தது. உலை வாயிலிருந்து வெளியேறும் வாயுவில் நிறைய கார்பன் மோனாக்சைடு வீணாகப் போவதை ஆலைக்காரர்கள் கவனித்தார்கள். தாதுவோடு போதுமான நேரம் கலக்கவில்லை போலிருக்கிறது, உலையை உயரமாக்கினால் முழுவதும் பயன்படும் என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் 30 மீட்டர் உயரம் வரை கட்டிப் பார்த்தார்கள். வெளியேறும் வாயுவின் பங்கு குறையவே இல்லை. அது நேரப் பற்றாக்குறையால் வந்தது கிடையாது, முன்வினையும் பின்வினையும் சமமாகிவிடும் சமநிலை அவ்வளவுதான் அனுமதிக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாத்லியே பிற்பாடு சுட்டிக்காட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அத்தனை செங்கல்லும் மிச்சமாகியிருக்கும்.

துத்தநாகத்தில் கரியின் கதை வேறு பக்கம் திரும்புகிறது. துத்தநாக ஆக்சைடைக் கரி ஒடுக்க 920 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆக, உலோகம் பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. உலைக்குள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஆவி வெளியே வந்து குளிரும்போது பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடோ காற்றோ இருந்தால் மறுபடி ஆக்சைடாகிவிடும். சூட்டில் முன்னோக்கிப் போன வினை குளிரில் பின்னோக்கிப் போகிறது, டெல்டா ஜியின் குறி மாறுகிறது, அவ்வளவுதான். ராஜஸ்தானில் உதயப்பூர் அருகே ஜாவரில் இடைக்காலத்திலேயே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளில் தாதுவையும் கரியையும் அடைத்து, வாய் கீழே இருக்கும்படி தலைகீழாக உலையில் நட்டார்கள். மேலே சூடு, கீழே குளிர்ந்த அறை. ஆவி கீழிறங்கிக் காற்றுப் படாமல் உறைந்துவிடும். ஐரோப்பாவில் பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன் இதே மாதிரி கீழ்நோக்கி வடிக்கும் முறைக்கு உரிமம் பெற்றது 1738-ல்தான். ஜாவரின் குடுவையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. என்ட்ரோபி என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அது போட்ட முடிச்சைக் கையால் அவிழ்த்திருக்கிறார்கள்.

சரி, அலுமினியத்துக்குக் கரி ஏன் ஆகாது? கணக்குப்படி ஆகும். ஒரு மோல் அலுமினாவை மூன்று மோல் கரியால் ஒடுக்க 1344 கிலோஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். என்ட்ரோபி கெல்வினுக்கு 582 ஜூல் கூடும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் 2300 கெல்வின், அதாவது 2000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. அந்தச் சூட்டில் அலுமினியம் கரியோடு சேர்ந்து கார்பைடாகும், கொஞ்சம் ஆவியாகவும் பறக்கும், குளிரும்போது கார்பன் மோனாக்சைடோடு பின்வினையும் புரியும். முடியும் என்று படம் சொல்லும் இடத்திலும் ஆலை கட்ட முடியாமல் போவது இப்படித்தான். டைட்டானியம், டங்ஸ்டன், குரோமியம் எல்லாவற்றிலும் கார்பைடுத் தொல்லை உண்டு. குரோமியத்தில் எஃகுக்குக் கலப்பதற்கென்றால் கொஞ்சம் கார்பன் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், சுத்தமான உலோகம் வேண்டுமென்றால் முடியாது.

கரியின் இன்னொரு குறை இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஊது உலை வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இதில் ஒரு பகுதியை எத்தனை சிக்கனம் செய்தாலும் தவிர்க்க முடியாது. ஆக்சிஜன் கரியோடுதான் வெளியே போயாக வேண்டும் என்பது அந்த வினையின் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

ஹைட்ரஜன்: வெப்பத்தைக் கேட்கும் மாற்று

ஹைட்ரஜனை எடுத்தால் வெளியே வருவது நீராவி. அதனால்தான் இன்று எஃகுத் தொழிலில் எல்லோரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் கரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஹைட்ரஜனை வைத்தால் வேலை முடிந்தது என்று பலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டின் வெப்ப இயக்கவியல் வேறு.

ஒரு மோல் சிவப்பு இரும்பு ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். மூன்று மோல் கார்பன் மோனாக்சைடால் ஒடுக்கினால் 25 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. மூன்று மோல் ஹைட்ரஜனால் ஒடுக்கினால் 99 கிலோஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். முன்னது வெப்ப உமிழ் வினை, பின்னது வெப்பம் கொள் வினை. பின்னே எப்படி நடக்கிறது? என்ட்ரோபிதான் இழுத்துக்கொண்டு போகிறது. கெல்வினுக்கு 141 ஜூலுக்குச் சற்று மேலே கூடுகிறது. 99 கிலோஜூலை அதனால் வகுத்தால் 700 கெல்வின் பக்கம் வரும், சுமார் 425 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலையில் பிளஸ் 56 கிலோஜூலாக இருந்த டெல்டா ஜி அங்கே பூச்சியமாகி, மேலே போகப் போக மைனஸாகிறது.

இது மொத்த வினைக்கான கணக்கு. நடைமுறையில் ஆக்சைடு படிப்படியாகத்தான் ஒடுங்கும். கடைசிப் படியான ஃபெரஸ் ஆக்சைடுதான் அடம்பிடிக்கும். 800 டிகிரியில் கூட உள்ளே அனுப்பும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அந்தப் படியில் நீராவியாக மாற முடியும். அதற்கு மேல் சமநிலை தடுத்துவிடும். ஆகவே வெளிவரும் வாயுவைக் குளிர்வித்து நீரைப் பிரித்து, மிச்ச ஹைட்ரஜனை மறுபடி சூடாக்கி உள்ளே விட வேண்டும். அந்தச் சூடும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கோக் கரியைப் போல ஹைட்ரஜன் தன் சூட்டைத் தானே கொண்டுவராது.

ஹைட்ரஜனுக்கு இரண்டு உண்மையான பலங்கள் உண்டு. ஏறத்தாழ 820 டிகிரிக்கு மேலே அது கார்பன் மோனாக்சைடை விட வலுவான ஒடுக்கியாகிவிடுகிறது. அப்புறம், மூலக்கூறு மிகச் சிறியது, தாது உருண்டையின் துளைகளுக்குள் வேகமாகப் பரவும். டங்ஸ்டன், மாலிப்டினம் ஆக்சைடுகளை நெடுங்காலமாக ஹைட்ரஜனால்தான் ஒடுக்குகிறார்கள். குண்டு பல்புக்குள் இருந்த டங்ஸ்டன் இழை அப்படி வந்த தூளிலிருந்து செய்ததுதான். அங்கே கரி வைத்தால் கார்பைடாகிக் கெட்டுப்போகும். விலை கூடினாலும் அதற்கு ஹைட்ரஜனே சரி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரும்புக்கு? ஸ்வீடனில் லூலியோவில் ஹைப்ரிட் என்ற கூட்டுத் திட்டத்தின் சோதனை ஆலை 2020-ல் தொடங்கியது. 2021-ல் ஹைட்ரஜனால் ஒடுக்கிய ஸ்பாஞ்ச் இரும்பை, அதாவது உருக்காமல் திண்மமாகவே ஒடுக்கி எடுத்த இரும்பை, எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆக, முடியுமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. எங்கே முடியும் என்பதுதான் பாக்கி. ஒரு டன் இரும்புக்குச் சமன்பாட்டுப்படி 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும். 54-ஐ 50-ஆல் பெருக்கினால் 2700 யூனிட். உருக்குவதற்கான கரண்டு தனி. ஸ்வீடனில் நீர்மின்சாரமும் காற்றாலையும் நிறைய, அங்கே இது நல்ல கணக்கு. அதே 2700 யூனிட்டை அனல் மின் நிலையத்திலிருந்து எடுத்தால்? நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வையுங்கள், ஒரு டன் இரும்புக்கு 2.7 டன் ஆகிறது. ஊது உலையே தேவலை.

இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்காமல் பச்சை எஃகு என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. மின்சாரம் சுத்தமாகாத இடத்தில் ஹைட்ரஜன் ஆலை கட்டினால் புகைபோக்கி ஊர் மாறும், புகை குறையாது. சுத்தமான மின்சாரம் நிச்சயமாகக் கிடைக்கும் இடத்தில் புதிதாக இரும்பாலை கட்டுபவர் கரியை எடுக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இயற்கை எரிவாயு வழி இருக்கிறது. மீத்தேனை உடைத்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாக்கித் தாதுவின் மேல் செலுத்துவார்கள். மெக்சிகோவின் மான்டெர்ரேயில் 1957 முதல் நடந்துவரும் தொழில்நுட்பம் இது. பின்னாளில் ஹைட்ரஜன் பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் எரிவாயு கிடைக்கும் இடத்தில் நான் இதையே சொல்வேன். இந்தியாவில் ஸ்பாஞ்ச் இரும்பு பெரும்பாலும் நிலக்கரியைத் திண்மமாகவே போட்டுச் சுழல் சூளையில் எடுக்கப்படுகிறது. மலிவு என்பதைத் தவிர அதற்குச் சொல்ல நல்லது அதிகம் இல்லை.

இன்னொரு உலோகம்: இடத்துக்கு ஏற்ற வேலை

தண்டவாளத்தை இணைக்கும் அலுமினோ தெர்மிக் வெல்டிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே சிறிய இடைவெளி விட்டு, சுற்றி மணல் அச்சு கட்டி, முனைகளை முதலில் நன்றாகச் சூடேற்றுவார்கள். மேலே ஒரு மூசை. அதில் இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்த கலவை. கம்பி மத்தாப்பு போன்ற ஒரு தீக்குச்சியைச் செருகினால் கலவை சீறி எரிந்து அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பிறகு மூசையின் அடி திறந்து வெள்ளை வெளேரென்று உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கும்.

ஒரு மோல் இரும்பு ஆக்சைடை அலுமினியம் ஒடுக்கும்போது 851 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. கலவை 2500 டிகிரி வரை போகும். அலுமினா உருகுவது 2072 டிகிரியில். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த முறையின் அழகு தெரியும். விளைபொருள்கள் இரண்டுமே திரவமாக இருப்பதால் கனமான இரும்பு கீழே இறங்கி, லேசான அலுமினா கசடாக மேலே மிதக்கிறது. சூடு கொஞ்சம் குறைந்திருந்தால் அலுமினா கெட்டியாகி இரும்புத் துளிகளைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொண்டிருக்கும். டெல்டா ஜி அப்போதும் வெகுவாக மைனஸில்தான் இருந்திருக்கும், ஆனால் வெல்டிங் நடந்திருக்காது. ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1890-களில் ஜெர்மனியில் உருவாக்கிய இந்த முறை, உலையே இல்லாத அத்துவானத்தில் ஒரு மூசை அளவு உருகிய எஃகைத் தருகிறது. கார்பன் கலக்காத குரோமியம் எடுக்கவும் இதே வழிதான்.

இதையே இரும்பு உற்பத்திக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால் கூடவே கூடாது. ஒரு கிலோ இரும்புக்குச் சமன்பாட்டுப்படி கிட்டத்தட்ட அரை கிலோ அலுமினியம் செலவாகும். அந்த அலுமினியத்தை எடுக்க ஏற்கெனவே சுமார் 7 யூனிட் போயிருக்கும். டன்னுக்கு 7000 யூனிட். அலுமினியத்தின் பலம் என்று நாம் பார்ப்பது, எங்கோ ஒரு மின்கலத்தில் முன்கூட்டியே செலுத்திய பலம்தான்.

மக்னீசியத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை, ஏனென்றால் எலிங்கம் படத்தை மேலோட்டமாகப் படிப்பவரை அது ஏமாற்றிவிடும். மக்னீசியத்தின் கோடு சிலிக்கானின் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. சிலிக்கானால் மக்னீசியம் ஆக்சைடை ஒடுக்க முடியாது என்று பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் உலகின் மக்னீசியத்தில் பெரும்பகுதி இன்று சீனாவில் அப்படித்தான் எடுக்கப்படுகிறது. கனடாவின் லாயிட் பிட்ஜன் 1940-களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை அது. சுட்ட டோலமைட்டையும் (மக்னீசியமும் சுண்ணாம்பும் கலந்த கல்) ஃபெரோசிலிக்கானையும் (இரும்பு கலந்த சிலிக்கான்) எஃகுக் குழாயில் அடைத்து, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, 1200 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்.

எப்படி நடக்கிறது? படத்தில் உள்ள கோடுகள் எல்லா வாயுக்களும் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதாக வைத்து வரையப்பட்டவை. அது திட்ட நிலை. மக்னீசியம் 1090 டிகிரியில் கொதிப்பதால் அந்தச் சூட்டில் ஆவியாக வருகிறது. வெற்றிடத்தில் அந்த ஆவியின் அழுத்தம் மிகக் குறைவு. விளைபொருளின் அழுத்தம் குறைந்தால் உண்மையான டெல்டா ஜி இறங்கும், பிளஸிலிருந்து மைனஸுக்கே வந்துவிடும். ஆவி குழாயின் குளிர்ந்த முனையில் படிந்துகொண்டே போவதால் உள்ளே அழுத்தம் ஏறுவதும் இல்லை. கூடவே டோலமைட்டில் இருக்கும் சுண்ணாம்பு, உருவாகும் சிலிக்காவைக் கட்டிப்போட்டுக் கால்சியம் சிலிக்கேட்டாக்கிவிடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் வினையை முன்னே தள்ளுகிறார்கள். திட்ட நிலை டெல்டா ஜி வேறு, நடப்பு நிலை டெல்டா ஜி வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தால் சமநிலை மாறிலியும் சேர்ந்தே புரிந்துவிடும்.

டைட்டானியம் இந்தக் குடும்பத்திலேயே சிரமமான பிள்ளை. கரி வைத்தால் கார்பைடாகும், அலுமினியம் வைத்தால் அதோடு கலந்துவிடும், ஆக்சிஜன் துளி மிச்சமிருந்தாலும் உலோகம் நொறுங்கும். ஆக்சைடை விட்டே விலகி, முதலில் குளோரைடாக்கி, அதை மக்னீசியத்தால் ஒடுக்குகிறார்கள். டைட்டானியம் விலை கூடியதற்கு அந்தச் சுற்றுவழியே காரணம். மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரையில் அதன் தாதுவான இல்மனைட் மணலாகவே கிடந்தும் அது மலிவு உலோகமாகாமல் இருப்பது இதனால்தான்.

மின்சாரம்: எதையும் உடைக்கும், விலை கேட்கும்

மின்னாற்பகுப்பில் டெல்டா ஜி பிளஸாக இருப்பது தடையே இல்லை. தேவையான ஆற்றலை வெளியிலிருந்து வோல்ட்டாகக் கொடுத்துவிடலாம். டெல்டா ஜி எவ்வளவோ அதற்கேற்ற வோல்ட். சோடியம், கால்சியம், அலுமினியம் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறையில், அலுமினாவை (பாக்சைட்டிலிருந்து எடுத்த அலுமினிய ஆக்சைடு) உருகிய கிரையோலைட் என்ற உப்பில் கரைத்து 960 டிகிரி வாக்கில் மின்சாரம் செலுத்துகிறார்கள்.

இந்தக் கலத்தில் கரி மறுபடி வருகிறது. அலுமினாவை உலோகமாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க அந்தச் சூட்டில் குறைந்தது 2.2 வோல்ட் வேண்டும். நேர்மின்முனை கரியாக இருந்தால் 1.2 வோல்ட் போதும். வெளிவரும் ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்தத் தன்னிச்சை வினை தரும் ஆற்றல் ஒரு வோல்ட் அளவுக்குக் கரண்டைக் குறைக்கிறது. தானாக நடக்காத வினையைத் தானாக நடக்கும் வினையோடு கட்டி இழுத்துப் போவது என்பது இங்கே கண்ணுக்கு எதிரே நடக்கிறது. விலையாக ஒரு கிலோ அலுமினியத்துக்கு 400 கிராமுக்கு மேல் கரி தேய்ந்துபோகும். தேயாத மின்முனையை வைத்து ஆக்சிஜனையே வெளிவிடும் எலிசிஸ் திட்டத்தைக் கனடாவில் 2018-ல் அறிவித்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் கரி கொடுத்த அந்த ஒரு வோல்ட்டை இனி மின்சாரமே கொடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் கேள்வி கரண்டின் மூலத்துக்கே வந்து நிற்கிறது.

நடைமுறைக் கலம் 4 வோல்ட்டுக்கு மேல் எடுக்கும். உருகிய உப்பின் மின்தடையும் இழப்புகளும் மிச்சத்தைத் தின்றுவிடும். கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் ஆகிறது. அலுமினிய ஆலைகள் அணைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் பக்கத்திலேயே முளைத்தது இதனால்தான். மேட்டூரும் அப்படி ஓர் இடம். தாது தொலைவிலிருந்து வரலாம், கரண்டு மலிவாகக் கிடைத்தாக வேண்டும்.

முடிவெடுக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலில் வரைபடத்தில் கரியின் கோடு உங்கள் உலோகத்தை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். 1500 டிகிரிக்குக் கீழே வெட்டி, கார்பைடுத் தொல்லையும் இல்லையென்றால் கரியோ ஹைட்ரஜனோ போதும், இரண்டில் எது என்பதைக் கரண்டின் மூலம் சொல்லிவிடும். கார்பைடு ஆகும் உலோகம், ஆனால் ஆக்சைடு அத்தனை கெட்டியில்லை என்றால் ஹைட்ரஜன். கெட்டியான ஆக்சைடு, வேண்டியதும் கொஞ்சம் என்றால் அலுமினியமோ மக்னீசியமோ. கெட்டியான ஆக்சைடு, டன் கணக்கில் வேண்டும் என்றால் மின்சாரம். விளைபொருள் ஆவியாகுமென்றால் மட்டும் படத்தை அப்படியே நம்பாமல் அழுத்தத்தைச் சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

ஏற்கெனவே ஓடும் ஊது உலை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி தினமும் வராது. உலையின் உட்புறச் செங்கல் ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டு தாங்கும். அது தேய்ந்து மறுபடி கட்ட வேண்டிய நேரத்தில்தான் பெரிய பணம் செலவாகும். அன்றைக்கு அதே உலையைப் புதுப்பித்தால் இன்னொரு 15, 20 ஆண்டுக்குக் கரிதான். அந்தப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன், ஆலைக்கு வரும் மின் கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதையும், அடுத்த இருபது ஆண்டில் அங்கே என்ன இருக்கப்போகிறது என்பதையும் விசாரித்து, அந்த 54 கிலோவையும் 50 யூனிட்டையும் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்துவிடுவது நல்லது.